பதினைந்து குழாய்கள்

செப்டம்பர் 2

மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பவேண்டிய கடிதத்தின் முதல் வரைவு. கோபத்தோடு எழுதினால் பிழை நேரும் என்பதால், குறைகளை மட்டும் நாள்வாரியாக முதலில் இங்கே எழுதி வைக்கிறேன்.

1. ஜூலை 7. அரசாங்கத்தின் இலவசக் குடற்புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் எங்கள் மரச்சாமான் தொழிற்சாலை சேர்க்கப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள், குடும்பத்தில் அந்நோய் கண்டவர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் சோதனை. அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்தது. எங்கள் தொழிலாளர்கள் தமிழும் வங்காளமும் நேப்பாளியும் பேசுகிறவர்கள்.

2. ஜூலை 14. சுகாதார அலுவலகத் தாதி கென்டீனில் பதினொரு நிமிடம் பேசினார். “இரத்தம் இருந்தால் அடுத்து என்ன?” என்று ஒருவர் கேட்டதற்கு, “அது பிறகு” என்றார். அந்தப் பிறகு இன்றுவரை வரவில்லை.

3. ஜூலை 16. எங்கள் நிர்வாகம் அறிவிப்பின் அடியில் ஒரு வரியைச் சேர்த்தது: ‘முடிவு திருப்தியளிக்காத தொழிலாளர்களின் ஒப்பந்தம் மறுஆய்வு செய்யப்படும்.’ அதன் நகல் சுகாதார அலுவலகத்துக்கும் போயிற்று. அங்கே ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

4. ஜூலை 22, 23. மாதிரிக் குழாய்களை நிரப்பிக் காவலாளி அறையில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போடச் சொன்னார்கள். எந்தக் குழாயை யார் நிரப்பினார் என்று சரிபார்க்க ஒருவரும் நியமிக்கப்படவில்லை.

5. ஆகஸ்ட் 12. முடிவுகள் வந்தன. தொழிலாளர் விடுதியின் மற்ற மாடிகளில் அறுபத்தொரு குழாய்களில் ஒன்றில் மட்டும் இரத்தம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கியிருக்கும் இரண்டாம் மாடியில் பதினான்குக்குப் பதினான்கு. அதே கூடையில் கிடந்த என் குழாயிலும்.

6. ஆகஸ்ட் 19. இரண்டாம் மாடியின் மாதிரிகள் ‘மாசடைந்தவை’ என்று தள்ளுபடி செய்யப்பட்டன. அடுத்த ஆண்டுச் சுற்றில் மீண்டும் எடுக்கப்படுமாம்.

7. ஆகஸ்ட் 20 முதல் 29 வரை. ஐந்து முறை தொலைபேசினேன். மூன்று முறை அதிகாரி கூட்டத்தில் இருந்தார். இரண்டு முறை விடுப்பில் இருந்தார்.

நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவன். இருபத்தோராண்டுகளாக இத்தொழிற்சாலையின் பாதுகாப்பு, நல அதிகாரி. ஒரு மாடியில் படுத்துறங்கும் பதினான்கு பேருக்கும் ஒரே வாரத்தில் குடலில் இரத்தம் கசியாது. அது பதினான்கு பேரின் இரத்தமன்று; ஒருவருடையது. அந்த ஒருவர் யார் என்று கேட்க எந்த அலுவலகத்துக்கும் தோன்றவில்லை. மாசு என்ற ஒரே சொல்லில் ஒரு மனிதரைத் துடைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 3

வாசல் விளக்கை மாற்றினேன். தண்ணீர் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். என் கைலி இரண்டையும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து நானே கசக்கினேன்.

“மெஷின்ல போட்டா ஆகாதா? புதுசா என்ன பழக்கம் இது, ஒரு மாசமா?” என்றாள் என் மனைவி மங்களேஸ்வரி.

ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது, பழகிக்கொள்கிறேன் என்றேன். மூலம் என்பது ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு வழக்கமானது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 4

அரசு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி. என் குழாயின் முடிவு தள்ளுபடி ஆகவில்லையாம். குடிமகன் என்பதால் என் படிவம் தனிக் கோப்பில் இருந்திருக்கிறது. என் தந்தை இந்நோயில் இறந்ததை அதில் குறிப்பிட்டிருந்ததால் முன்னுரிமை கொடுத்திருக்கிறார்கள். வருகிற பதினோராம் தேதி, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை. இலவசம்.

ஒரே கூடை, ஒரே நாள், ஒரே ஆய்வுக்கூடம். அடையாள அட்டை எண் எழுதப்பட்ட குழாயில் இருந்தால் அது இரத்தம். கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட் எண் எழுதப்பட்ட குழாயில் இருந்தால் அது மாசு. இதை எட்டாவது குறையாகச் சேர்க்க வேண்டும்.

தேதியை ஒப்புக்கொண்டேன்.

செப்டம்பர் 5

மனிதவள மேலாளர் சுபத்திராவைச் சந்தித்தேன். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். திறமைசாலி. இரண்டாம் மாடிக்கு மட்டும் மறுபரிசோதனை கேட்டு நிறுவனத்தின் பெயரில் ஒரு கடிதம் வேண்டும் என்றேன்.

“பூபாலன், ஹெல்த் ஆபீஸே கேன்சல் பண்ணிட்டாங்க. நீங்க ஏன் போய்க் கிளறுறீங்க லா? பதினாலு பேருக்கும் பெர்மிட் ஓடிக்கிட்டிருக்கு. இல்லாத வியாதிய நாமளே எழுதிக் கேட்கணுமா?”

“ஒருவருக்கு இருக்கிறது.”

“யாருக்கு? பேரச் சொல்லுங்க. நாளைக்கே பாக்குறேன்.”

பெயர் சொன்னால் என்ன பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் குறையில் உள்ள வரியைக் கேட்டு வாங்கியவர் அவர். அதைத் தமிழில் அழகாக எழுதி, ஒலிபெருக்கியில் படித்தவன் நான். மொழிபெயர்ப்பாளன் செய்திக்குப் பொறுப்பாக மாட்டான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

விடுதிக்குப் போனேன். இரண்டாம் மாடியில் பொரித்த மீனும் ரசமும் மணத்தன. பேச்சு நின்றது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார்கள்.

சூசைமாணிக்கம் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். வயது நாற்பத்தேழு. தொண்டிக்குப் பக்கத்துக் கடலோர ஊர். மரத்தை மணல்தாள் இயந்திரத்தில் தேய்க்கும் பிரிவில் ஒன்பது ஆண்டுகள். குடி இல்லை, புகை இல்லை. காலை ஐந்து மணிக்குக் கழிப்பறைக்குப் போய் ஐந்து பத்துக்கு வெளியே வந்துவிடுவார் என்பதால், மாடி முழுக்க அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர்.

இந்த மாடிக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளர் ஆண்டுதோறும் உடற்சோதனைக்குப் போகவேண்டும். தேறாவிட்டால் விமானச் சீட்டு. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எல்லோரும் கடிகாரம் சாப்பிடுவதைத்தான் சாப்பிடுவார்கள். அவர் படுக்கும்போது படுப்பார்கள். ஒன்பது ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூடத் தேறாமல் போனதில்லை. அந்த மாடி அவருடைய உடம்பை நம்புவதைப்போல் வேறு எதையும் நம்புவதில்லை.

அவரது காற்சட்டை இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தது. முன்பு அது தேவைப்பட்டதில்லை.

“குழாய்களைப் பற்றிக் கேட்க வந்தேன்” என்றேன்.

இளவரசு சிரித்தான். முப்பத்திரண்டு வயது, புதுக்கோட்டைக்காரன். நாக்கு சும்மா இருக்காது.

“அண்ணன் பிரசாதம் சார் அது. எல்லாருக்கும் பங்கு வச்சாரு. அவரோடது சுத்தம்னு நெனச்சு வாங்கிக்கிட்டோம். இப்ப பதினாலு பேருக்கும் ஒரே வயிறு.”

“டேய், வாய மூடுறா” என்றார் சூசைமாணிக்கம். கோபம் இல்லை. “ரெண்டு காலையில முடிச்சேன் சார். குச்சிய விட்டுக் கிண்டி ஒவ்வொண்ணா மூடி வச்சேன். ஒரு டீஸ்பூன்கூடத் தேவப்படல. பேரு மாறிடக்கூடாதுன்னு வரிசையா அடுக்கித்தான் செஞ்சேன்.”

“இது எவ்வளவு பெரிய தவறு என்று தெரியுமா?” என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டேன்.

இளவரசு மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

“உங்களுக்குத் தெரியாததா சார்?” என்றான்.

அது பதில் எதிர்பார்த்த கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 8

என் குழாயில் என் இரத்தமே இருந்திருந்தாலும் முடிவு இதுதான். ஆகவே நான் யாருடைய இடத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 9

நாளை முதல் கஞ்சித் தெளிவு மட்டும். இன்று வெள்ளை ரொட்டி, அவித்த முட்டை. காரின் சாலை வரியைப் புதுப்பித்தேன். இடைவாருக்கு இன்னொரு துளை போடவேண்டியிருந்தது. ஆணியைச் சூடாக்கிப் போட்டேன்.

செப்டம்பர் 10

மருந்து கலந்த நீர் இரண்டு லிட்டர். கழிப்பறைக்கும் நாற்காலிக்கும் இடையே பகல் போயிற்று.

அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்று நான்கில், மாவட்ட மருத்துவமனையின் பதினேழாம் எண் கட்டில். வயிற்றில் ஒட்டிய மலப்பையை யாரும் பார்த்துவிடாமல் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டே இருப்பார். “எப்பவாச்சும் ரத்தம் பாத்தீங்களா?” என்று மருத்துவர் கேட்டபோது, “ரெண்டு வருசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார். யாரிடமும் சொல்லவில்லை. அப்போது நான் பட்டதாரி, இருபத்தைந்து வயது. அவரது அறியாமையின் மேல் எனக்குக் கடும் கோபம் இருந்தது.

செப்டம்பர் 11

பரிசோதனை முடிந்தது. மருத்துவர் இளம்பெண். நம்மவர். அரை மயக்கத்திலிருந்து விழித்தபோது கட்டிலருகே நின்றிருந்தார்.

“அங்கிள், லக்கி லா நீங்க. ரெண்டு சின்னக் கட்டி இருந்துச்சு. எடுத்துட்டேன். இன்னும் அஞ்சாறு வருசம் விட்டிருந்தா கேன்சர் ஆகியிருக்கும். மூலமும் இருக்கு, அதுக்கு மருந்து தர்றேன்.”

நன்றி சொன்னேன். அவர் போகவில்லை. கோப்பைப் புரட்டினார்.

“ஒரு விஷயந்தான் எனக்குப் பிடிபடல அங்கிள். உங்க டியூப்ல இரத்த அளவு ரொம்ப அதிகம். இந்தச் சின்னக் கட்டிங்க, இந்த மூலம், இதெல்லாம் அவ்வளவு காட்டாது. பெருசா என்னமோ இருக்கணும்னு ரெண்டு தடவ உள்ள போய்த் தேடினேன். மூலை மூலையா. ஒண்ணுமில்ல. எங்கதான் ஒளிஞ்சிருக்குன்னு பாத்தேன்.” சிரித்தார். “நல்ல செய்திதான, ஏன் அங்கிள் மொகம் அப்படி இருக்கு?”

மயக்கம் இன்னும் தெளியவில்லை என்றேன்.

செப்டம்பர் 12

மருத்துவ விடுப்பு. நாள் முழுவதும் ஒன்றும் செய்யவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து சூசைமாணிக்கம் வெளியே வரும்வரை எதிர்ப்புறத்துச் சாப்பாட்டுக் கடையில் காத்திருந்தேன். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார்.

“ஒங்களுக்கு என்ன சொன்னாக சார், ஆஸ்பத்திரில?”

சொன்னேன். கட்டிகள் எடுக்கப்பட்டதை, மூலத்தை, நான் நலமாக இருப்பதை. மருத்துவர் இருமுறை தேடியதையும் சொன்னேன். அதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாய்க்கு வந்தது வேறு வரிசையில்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு தலையசைத்தார், கணக்கு சரியாக வந்ததைப்போல.

“அப்ப எங்கிட்டதான் இருக்கு.”

“அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.”

“சார், ஆறு மாசமா கறுப்பாப் போகுது. நான் யார்ட்டயும் சொல்லல. இந்தப் பயலுக வந்து நின்னப்ப எப்படிச் சொல்ல? ஒம்பது வருசமா நாந்தான் அவுகளுக்குத் தைரியம். இரும்பு மாத்திர தின்னா கறுப்பாப் போகும்னு யாரோ சொன்னாக. நான் மாத்திரயே திங்கல. ஆனா அதுதான்னு நெனச்சுக்கிட்டேன்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு இப்ப பயமில்ல சார். போறதுன்னா போறேன். ஆனா எனக்கு ஒரு தாள் வேணும். சூசைமாணிக்கம், இந்தப் பாஸ்போட்டு நம்பரு, இவனுக்கு ரத்தம் போகுதுன்னு. ஊர்ல பெரியாஸ்பத்திரில போய் நின்னா, என்னய்யா பண்ணுதுன்னுதான் கேப்பாக. சோதிச்சாச்சு, இந்தா இருக்குன்னு காட்டணும். எம்மக நர்சிங் படிக்கிறா. தாளப் பாத்தா அவளுக்கு வெளங்கும், அதுக்கப்புறம் அவ பாத்துக்குவா. வாயால சொன்னா, அப்பா பயப்படுறாருன்னு நெனைப்பா.”

எழுந்து நடந்தவர் திரும்பி வந்தார்.

“நீங்க ஒண்ணும் நெனைக்காதீக சார். ஒங்களுக்கு நல்லதாப் போச்சுல்ல, அது போதும்.”

இந்த இரண்டு மாதங்களில் என்னிடம் யாரும் இவ்வளவு கொடுமையாக எதையும் சொன்னதில்லை. அவர் அதை அன்பாகச் சொன்னார்.

செப்டம்பர் 15

அரை நாள் விடுப்பு எடுத்து அவரை அரசு கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் முதலாளியின் கடிதமும் கடப்பிதழும் வேண்டும் என்றார்கள். தனியார் கிளினிக்கிலும் கடப்பிதழைத்தான் கேட்டார்கள். எல்லோருடைய கடப்பிதழ்களும் நிர்வாகத்தின் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. ‘பாதுகாப்புக்காக.’ அந்த ஏற்பாட்டுக்கு ஒப்புதல் கையெழுத்திட்ட மூவரில் பாதுகாப்பு அதிகாரியும் ஒருவர்.

சுபத்திரா கடிதம் தர மறுத்தார். “லெட்டர் குடுத்தா ரெக்கார்ட் ஆயிடும், பூபாலன்.”

செப்டம்பர் 16

மலேசிய தினம். அரசு விடுமுறை. அலுவலகங்கள் மூடியிருந்தன. தோட்டத்து வாழையின் காய்ந்த மட்டைகளை அறுத்தேன். மங்களேஸ்வரி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது.”

“கேள்.”

“ஜூலை மாசம் அந்த டியூப்ப வீட்டுலேர்ந்து காலியாத்தான எடுத்துட்டுப் போனீங்க. நான்தான் உங்க சாப்பாட்டுப் பையில வச்சேன். வேலை இடத்துல நீங்க கக்கூசுக்கே போகமாட்டீங்க, முப்பது வருசமா எனக்குத் தெரியும். அது எப்படி நெறஞ்சுது?”

மட்டையை அறுத்துக்கொண்டே இருந்தேன்.

“கைலிய நீங்க தொவைக்க ஆரம்பிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பாத்தேன். மாமா மாதிரியே சொல்லாமப் போயிடலாம்னு இருந்தீங்களா? யாரோடத குடுத்தீங்க?”

சொன்னேன்.

அவள் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள். அடுத்த துணியை எடுத்தாள்.

“அந்த ஆளுக்கு யாரு பாக்குறா?” என்றாள்.

செப்டம்பர் 17

சூசைமாணிக்கத்தின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. எடை குறைந்துவிட்டது, உற்பத்தி குறைந்துவிட்டது என்று மேற்பார்வையாளரின் குறிப்பு. செப்டம்பர் 30, காலை விமானம். சீட்டு எடுத்தாயிற்று.

“அவரேதான போறேன்னாரு” என்றார் சுபத்திரா. “நம்ம அனுப்பல. நல்லபடியாப் போய் ஊர்ல பாத்துக்கட்டும். கேக் வெட்டி அனுப்புவோம்.”

பேசினால் இருபத்தோராண்டுகளும் ஒரே வாக்கியத்தில் வெளியே வந்துவிடும். என் மேசைக்குத் திரும்பி இம்மாதத் தீயணைப்புக் கருவிப் பட்டியலைச் சரிபார்த்தேன். முப்பத்தாறு கருவிகள். எல்லாவற்றிலும் அழுத்தம் சரி.

செப்டம்பர் 18

வேலை முடிந்து இரண்டாம் மாடிக்குப் போனேன். பதினான்கு பேரும் இருந்தார்கள். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். பதினைந்து குழாய்களிலும் ஒரே மனிதரின் மாதிரி இருந்தது என்று எழுதப்போகிறேன். அப்படி எழுதினால்தான் அது மாசு அல்ல, ஒரே ஆளிடம் பதினைந்து முறை உறுதியான முடிவு என்று ஆகும். அப்போதுதான் அவர் பெயரில் தாள் கிடைக்கும்.

இளவரசு எழுந்தான்.

“நீங்க பெரிய மனுசன் சார். நீங்க பேப்பர் எழுதுவீங்க, நாங்க பெட்டி கட்டுவோம். ஏமாத்துனோம்னு பதினாலு பேரையும் கம்பெனிக்காரன் பிளேன்ல ஏத்திவிட்ருவான்.”

“பெயர்கள் போடமாட்டேன். எண்ணிக்கை மட்டும்.”

“ரெண்டாம் மாடில பதினாலு பேருன்னு எழுதுனா, அது பேரு இல்லாம வேற என்ன சார்?”

அவன் சொன்னது சரி.

சூசைமாணிக்கம் கட்டிலிலிருந்து கையை உயர்த்தினார். “வேணாம் சார். என் ஒருத்தனுக்காக இவுக எல்லாரும் எதுக்கு? விடுங்க. நான் ஊர்ல போய்ச் சொல்லிக்கிறேன்.”

“நீ சும்மா இருண்ணே” என்றான் இளவரசு. என் பக்கம் திரும்பினான். “ஒண்ணு கேக்குறேன் சார். மொதல்ல யாரு கேட்டா, அண்ணன்ட்ட? அதையும் எழுதுவீங்களா?”

என் பதிலுக்குக் காத்திராமல் அவனே தொடர்ந்தான்.

“நாங்க கேக்கல சார். சத்தியமா எங்களுக்குத் தோணவே இல்ல. அவனவன் டியூப்ப அவனவன் வச்சுக்கிட்டு முழிச்சிட்டிருந்தோம். இருபத்தொண்ணாந் தேதி சாயங்காலம் நீங்க வந்து, படிக்கட்டுக்கிட்ட அண்ணனத் தனியாக் கூப்பிட்டு, உங்க டியூப்பக் குடுத்துட்டுப் போனீங்க. நான் மேலேர்ந்து பாத்துக்கிட்டிருந்தேன். படிச்சவரு, நோட்டீஸ் வாசிச்சவரு, அவரே அண்ணனோடத வாங்குறாருன்னா அதுல என்னமோ விஷயம் இருக்குன்னு நான்தான் எல்லார்ட்டயும் சொன்னேன்.”

“எழுதுகிறேன்” என்றேன்.

“அப்ப எங்க பேரையும் எழுதுங்க. நம்பரு வேணாம், பேரே எழுதுங்க. என் பேர மொதல்ல போடுங்க.” ஒரு கணம் நிறுத்தினான். “இல்ல, மொதல்ல இல்ல. உங்க பேரு எனக்கு மேல இருக்கணும்.”

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையில் நின்ற ஒருவர் தன் தந்தை பெயரை எப்படி எழுதவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு அடுத்தவர். ஒரு பழைய பெட்டியின் அட்டையில் எல்லோருமாகப் பெயரெழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 19

இரண்டாம் தேதி எழுதிய பட்டியலைக் கிழிக்கவில்லை. இந்நோட்டில் அது அப்படியே இருக்கட்டும். அனுப்பிய கடிதத்தின் நகல் கீழே.

பெறுநர்: மாவட்டச் சுகாதார அதிகாரி.
நகல்: மனிதவள மேலாளர், மாநிலச் சுகாதார இயக்குநர், மாவட்டத் தொழிலாளர் அலுவலகம்.

ஐயா,

1. ஜூலை 16. ‘ஒப்பந்தம் மறுஆய்வு செய்யப்படும்’ என்ற வரி எங்கள் நிர்வாகம் கேட்டது. அதைத் தமிழில் எழுதி, நூற்றுக்கணக்கானோர் முன் ஒலிபெருக்கியில் படித்தவன் நான். “இரத்தம் வந்தால் அனுப்பிவிடுவார்களா?” என்று சூசைமாணிக்கம் என்னைக் கேட்டார். “எழுதியிருப்பதைப் படித்தேன், அவ்வளவுதான்” என்றேன். அவ்வரியைத் தடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இருந்தது, நீங்களும் தடுக்கவில்லை.

2. ஜூலை 21. எனக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. என் தந்தை இந்நோயில் இறந்தவர். தெரிந்துகொள்ள அஞ்சி, என் காலிக் குழாயைச் சூசைமாணிக்கத்திடம் கொடுத்து நிரப்பித் தரச் சொன்னேன். இத்தொழிற்சாலையில் அப்படிச் செய்த முதல் ஆள் நான். இணைப்பில் கையொப்பமிட்டுள்ள பதின்மூவரும் என்னைப் பார்த்துச் செய்தார்கள். அவர்கள்மேல் நடவடிக்கை எடுப்பதானால் பட்டியலின் முதற்பெயரிலிருந்து தொடங்குங்கள்.

3. ஜூலை 22, 23. பதினைந்து குழாய்களும் ஒருவருடைய உடலிலிருந்து நிரப்பப்பட்டவை. பதினைந்திலும் இரத்தம் இருந்தது. இது மாசு அன்று. உங்கள் ஆய்வுக்கூடம் இவ்வாண்டு செய்தவற்றுள் இதைவிட உறுதியான சோதனை இருக்க முடியாது.

4. ஆகஸ்ட் 19. அதைத் தள்ளுபடி செய்தீர்கள். பதினான்கு பேரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நீங்கள் கேட்கவில்லை, விடை தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை. இன்றோடு முப்பத்தொரு நாள்கள்.

5. செப்டம்பர் 11. அந்த இரத்தத்தின் பேரில் எனக்கு இலவசமாகச் சோதனை செய்தீர்கள். இரண்டு கட்டிகளை அகற்றினீர்கள். நான் பிழைத்தேன். உங்கள் மருத்துவர் இன்னும் பெரிதாக ஏதோ இருக்கவேண்டும் என்று என் குடலில் இருமுறை தேடினார், தேடியது கிடைக்கவில்லை. அது என் உடலில் இல்லை. எங்கள் விடுதியின் இரண்டாம் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறது. செப்டம்பர் 30 காலை விமானத்தில் நாட்டைவிட்டுப் போகப்போகிறது.

ஆகவே கேட்பது இரண்டு. முதலாவது, சூசைமாணிக்கம் த/பெ அருளப்பனுக்கு, எனக்குச் செய்த அதே பரிசோதனையை அவர் புறப்படுவதற்கு முன் செய்யவேண்டும். இரண்டாவது, அது முடியாதென்றால், ஜூலைச் சோதனையில் கண்ட இரத்தம் அவருடையது என்று அவர் பெயரும் கடப்பிதழ் எண்ணும் எழுதி, முத்திரையிட்ட ஒரு தாள் தரவேண்டும். அதை அவர் தம் மகளிடம் கொடுப்பார். அவள் படித்தவள், பொருள் விளங்கிக்கொள்வாள்.

தொலைபேசியில் பதில் வேண்டாம். கூட்டத்தில் இருக்கிறார், விடுப்பில் இருக்கிறார் என்ற பதிலும் வேண்டாம். எழுத்தில் வேண்டும், கையொப்பத்துடன் வேண்டும், வருகிற செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வேண்டும். அந்நேரம்வரை உங்கள் அலுவலக வரவேற்பறையில் நான் உட்கார்ந்திருப்பேன். உங்கள் மருத்துவர் தந்த மருந்துக்குப்பின் என்னால் இப்போது உட்கார முடிகிறது.

பூபாலன் த/பெ சின்னையா